கருவிகளின் அறிதுயில்

கையில் கட்டும் கடிகாரம், காதில் பொருத்தும் கேட்புக்கருவி, மேசைமேல் இருக்கும் விசைப்பலகை ஆகியன இன்று கம்பியின்றியே கைப்பேசியோடும் கணிப்பொறியோடும் உரையாடுகின்றன. சில மீட்டர் தொலைவுக்குள் நிகழும் இவ்வுரையாடலுக்குப் பெரிதும் பயன்படுவது புளூடூத் என்னும் நெறிமுறையாகும். 1994-இல் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய ஆய்வில் பிறந்த இதனை, 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களும் கூடி வளர்த்தன. பத்தாம் நூற்றாண்டு டேனிஷ் மன்னர் ஒருவரின் பட்டப்பெயரே இதற்குப் பெயராயிற்று. பெயர்க்காரணத்தினும் நம்மை வியக்கச் செய்வது, இக்கருவிகள் உறங்கும் முறையே.

சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவ மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி. ஒரு கருவியின் வானலைப் பகுதி இயங்கும்போது 5 மில்லி ஆம்பியர் செலவாவதாகக் கொள்வோம். அது இடையறாது இயங்கினால் 44 மணி நேரத்தில், அதாவது இரண்டு நாள் முடியுமுன்பே, மின்கலம் தீர்ந்துவிடும். உறங்கும்போது 2 மைக்ரோ ஆம்பியரே செலவாகுமாயின், கணக்கின்படி 12 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும்! (மின்கலம் தானே இழக்கும் மின்னூட்டத்தை இங்கு நாம் சேர்க்கவில்லை.)

பேசினால்தான் செலவு, கேட்டால் செலவில்லை என எண்ணுதல் பிழை. சிறு கருவிகளில் அலையை வாங்கவும் ஏறத்தாழ அனுப்பும் அளவுக்கு மின்சாரம் வேண்டும். ஆசிரியர் எப்போது பெயர் சொல்லி அழைப்பார் என்று தெரியாத மாணவன் பாடவேளை முழுதும் விழித்திருந்தே ஆகவேண்டும். அழைக்கும் நேரம் முன்பே தெரிந்தால் இடையில் சற்றுக் கண்ணயரலாம். (மாணவ நண்பர்கள் இதனை வகுப்பறை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டா!) இலக்கியம் பயின்றோர் அறிந்த ‘அறிதுயில்’ என்னும் சொல்லை இந்நிலைக்கு வழங்கலாம் என்பது நம் கருத்து.

தொடக்ககாலப் புளூடூத்தில் ஒரு தலைமைக் கருவியின்கீழ் ஏழு சார்புக் கருவிகள் ஒரே வேளையில் விழித்திருக்கலாம். முகவரிக்கு மூன்று பிட்டுகளே இருந்தமையும், அவற்றால் அமையும் எட்டு எண்களுள் சுழியம் பொது அறிவிப்புக்கு ஒதுக்கப்பட்டமையுமே இவ்வரம்புக்குக் காரணம். விழித்திருக்கும் சார்புக் கருவி, நொடிக்கு 800 முறை ‘நமக்கு அழைப்பு உண்டா’ எனச் செவிசாய்க்க வேண்டும். ‘ஸ்னிஃப்’ நிலையில், ஒப்புக்கொண்ட இடைவெளியில் மட்டும் கேட்டால் போதும். 100 மில்லி நொடி இடைவெளி எனில் 800 முறை 10 முறையாகக் குறைகின்றது. ‘ஹோல்ட்’ என்பது ஒரு முறைக்கு மட்டும் பெறும் விடுப்பு. ‘பார்க்’ நிலையில் கருவி தன் மூன்று பிட் முகவரியையே துறந்து எட்டு பிட் முகவரியொன்றைப் பெற்று ஒதுங்கியிருக்கும். இந்நிலை 2016-இல் வெளியான 5.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது.

2010-இல் வெளிவந்த 4.0 பதிப்பு, துயிலையே இயல்பு நிலையாகவும் விழிப்பை விலக்காகவும் கொண்ட புதிய முறையைத் தந்தது. சந்திப்புகளுக்கு இடையே 7.5 மில்லி நொடி முதல் 4 நொடி வரை இடைவெளி வைக்க அது இடமளித்தது. சொல்ல ஒன்றுமில்லையாயின் சிறு கருவி சில சந்திப்புகளுக்கு வாராதிருக்கவும் உரிமையுண்டு. கைப்பேசியோ ஒவ்வொரு சந்திப்புக்கும் வந்து காத்திருக்க வேண்டும். ஆகவே சிறு கருவி, தனக்குச் செய்தி நேர்ந்தவுடன் அடுத்த சந்திப்பிலேயே பேசிவிடலாம். கைப்பேசி அனுப்பும் கட்டளைதான் அது விழிக்கும்வரை காத்துக்கிடக்கும். பெரிய மின்கலம் உடையது பொறுத்திருக்கட்டும் என்னும் இவ்வேற்பாடு நமக்கு நியாயமாகவே படுகின்றது.

நெடுந்துயிலுக்குக் கடிகாரம் செம்மையாக இருத்தல் வேண்டும். உறக்கத்தில் நேரம் காக்கும் கடிகாரம் பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை பிழைபட நெறிமுறை இடந்தருகின்றது. இரு கருவிகளும் அவ்வளவு பிழைபட்டால், 4 நொடித் துயிலுக்குப்பின் நேரம் 4 மில்லி நொடி முன்னோ பின்னோ விலகக்கூடும். எனவே சிறு கருவி அவ்வளவு முன்னதாகவே விழித்துக் காத்திருக்க வேண்டியதாகின்றது. 20 பங்கே பிழைபடும் கடிகாரங்களாயின் 0.16 மில்லி நொடி முன்னதாக விழித்தால் போதும். மலிவான கடிகாரத்தில் மிச்சப்படுத்திய காசை மின்கலத்தில் இழக்கிறோம்.

இனி, வீட்டில் முதியோர் உள்ளவர்கள் கருத வேண்டிய ஒன்று. துயிலும் கருவியும் பழுதுற்ற கருவியும் வெளியில் ஒன்றுபோலவே மௌனமாயிருக்கும். இவ்வையம் தீர்க்கவே, குறித்த காலம் ஓசையின்றேல் இணைப்பு அறுந்ததாகக் கொள்ளும் விதி வகுக்கப்பட்டது. அக்காலம் 32 நொடி வரை நீளலாம். விசைப்பலகைக்கு இது பெரிதன்று. உடலில் ஒட்டியிருந்து சர்க்கரை அளவைக் கண்காணிக்கும் உணரிகளுள் சில, 5 நிமிடத்துக்கு ஒருமுறையே கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரு செய்தி தவறினால் அடுத்தது வர மேலும் 5 நிமிடம் ஆகும். உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துவரும் ஒருவருக்கு அந்த மௌனம் நலத்தின் அடையாளமாகத் தோற்றிவிடலாகாது. ஆதலின் அத்தகைய கருவியை வாங்குவோர், மின்கலம் எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், தொடர்பு அறுந்தால் எவ்வளவு நேரத்தில் ஒலியெழுப்பும், அவ்வொலி அணைத்து வைக்கப்பட்டுள்ளதா என்பனவற்றையும் கடையிலேயே கேட்டறிந்து சோதித்துப் பார்த்தல் வேண்டும்.