வன்னிக் குளங்களும் காலநிலை மாற்றமும்

வன்னிப் பெருநிலத்தின் வாழ்வு குளத்தில் அடங்கியது. ஐப்பசி முதல் மார்கழி ஈறாகப் பெய்யும் மாரியே காலபோகத்தை வளர்ப்பது. அதில் எஞ்சித் தேங்கும் நீரே சிறுபோகத்தின் அளவை வரையறுப்பது. உலகம் வெப்பமடையுந்தோறும் பெருமழையும் நெடுவறட்சியும் மிகும் என்பது அறிவியலாளர் முடிபு. 2016, 2017ஆம் ஆண்டுகளின் வறட்சியையும், 2018 மார்கழியிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தையும் அடுத்தடுத்துக் கண்ட மக்களுக்கு இவ்விரண்டும் புதியன அல்ல.

இக்குளங்களை ஆள்வோர் யார்? கனகராயன் ஆறு வவுனியாவிற் தோன்றி, இரணைமடுவை நிறைத்து, சுண்டிக்குளத்தைச் சேர்வது. அது வடமாகாணத்துள் அடங்குதலின், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்தின் பொறுப்பாயிற்று. வடமத்திய மாகாணத்திலிருந்து வரும் அருவியாறோ மத்திய அரசின் பொறுப்பாகும். இருநூறு ஏக்கருக்கு உட்பட்ட வயல்களுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தையும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்புகளையும் சார்ந்தவை. மத்திய அரசுக்குப் பொருள்வலி உண்டு. கமக்காரருக்கு நிலத்தறிவு உண்டு. இடைநின்று இரண்டையும் இணைக்கவேண்டிய மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஐப்பசியில் முடிவுற, அதன்பின் பல்லாண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன.

நிதியும் இவ்வாறே பிளவுபட்டது. 2016இற் பசுமைக் காலநிலை நிதியம் வவுனியா உள்ளிட்ட ஏழு மாவட்டங்களுக்கென ஏறத்தாழ 3 கோடி 80 இலட்சம் டொலரை நன்கொடையாக அளிக்க இசைந்தது. 2019இல் உலக வங்கி கிளிநொச்சி, முல்லைத்தீவு உள்ளிட்ட பதினொரு மாவட்டங்களுக்கென வழங்க முன்வந்த 12 கோடி 50 இலட்சம் டொலரோ கடனாகும். ஒரே வன்னியில் ஒரு பகுதிக்குக் கொடை, மறுபகுதிக்குக் கடன்! உலக வெப்பத்துக்குச் சிறிதே காரணமான நாடு, அதன் தீங்கைத் தாங்கக் கடன்படுதல் முறையாகுமா? 2022 சித்திரையில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துதலை நிறுத்த நேர்ந்த நாட்டுக்கு இவ்வினா ஏட்டளவினதன்று.

பிறிதொரு வழியும் உண்டு. பிலிப்பைன்சு நாடு 2012ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, ஆண்டுதோறும் 100 கோடி பேசோவுக்குக் குறையாத நிதியை ஒதுக்கி, உள்ளூராட்சி மன்றங்களும் மக்கள் அமைப்புகளும் நேரே விண்ணப்பிக்க இடமளித்தது.

வெளியார் நிதி திட்டகாலம் முடிந்ததும் நின்றுவிடும். துருசைச் செப்பனிடலும், குளக்கட்டின் பற்றையை வெட்டலும், வாய்க்காலின் மண்ணை அகற்றலும் ஆண்டுதோறும் வேண்டற்பாலன. ஆதலின், மூன்று மாவட்டத்துக் கமக்காரரும் அலுவலரும் ஒருங்கமர்ந்து தீர்மானிக்கும் ஆற்றுவடிநில அவையொன்றும், அதன் கையிற் சிறிதாயினும் ஆண்டுதோறும் தவறாது சேரும் பராமரிப்பு நிதியும் அமைதல் வேண்டும். மழை மாவட்ட எல்லை பார்த்துப் பெய்வதில்லை. அதனைக் காக்கும் ஆட்சியும் அவ்வெல்லையில் நின்றுவிடலாகாது.