பழைய காம்பர் வாங்கப் போகிறீர்களா?

கோடை பிறந்துவிட்டால் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் பிக்கப் ட்றக்கின் முதுகிலே சிறு வீடொன்று ஏறிப் போவதைக் காணலாம். இதனையே ட்றக் காம்பர் என்கிறார்கள். சாரதியின் தலைக்கு மேலே நீண்டிருக்கும் கட்டில், எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மேசை எல்லாம் அதற்குள் அடக்கம். எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960ஆம் ஆண்டில் தமது நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தது இத்தகைய வண்டியொன்றிலேதான்.

புதிய காம்பரின் விலை எம்மில் பலருக்கு எட்டாதது. 1970களிலும் 80களிலும் செய்யப்பட்டவை மலிவாகக் கிடைக்கின்றன. திருத்தி எடுத்தால் பிள்ளைகளுடன் ஏரிக்கரைகளுக்குப் போய்வரலாம். ஆனால் மலிவென்று பாய்ந்து வாங்கினால் சேமிப்பும் போகும், உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆகவே சிலவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது நிறை. உங்கள் ட்றக் எவ்வளவு சுமக்கும் என்பது பெரும்பாலும் சாரதிப் பக்கக் கதவோரம் ஒட்டப்பட்டிருக்கும். காம்பர், ஆட்கள், சாமான்கள், எரிவாயுச் சிலிண்டர், தண்ணீர் எல்லாம் சேர்ந்து அந்த அளவைத் தாண்டக்கூடாது. 100 லீற்றர் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. காம்பரின் பழைய நிறைக்கணக்கை நம்பாமல் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது ஒழுக்கு. பழைய காம்பர்கள் பலவற்றின் எலும்புக்கூடு மரம், வெளித்தோல் அலுமினியத் தகடு. மூலைப் பொருத்துகள், யன்னலோரங்கள், கூரைத் துவாரங்கள் வழியாக இறங்கும் நீர் கண்ணுக்குத் தெரியாமல் மரத்தை உக்கவைக்கும். கட்டிலின் முன்மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். மெதுமெதுவென்றிருந்தாலோ, பூஞ்சண மணம் வந்தாலோ உள்ளே மரம் போய்விட்டதென்று கொள்ளலாம். ஊரிலே உக்கிய கிடுகின் மேல் புதுக்கிடுகு வேய்வோமா? இங்கும் அப்படியே. மேலாகச் சிலிக்கோன் பூசுவது தீர்வாகாது. தகட்டைக் கழற்றி, உக்கிய மரத்தை வெட்டி நீக்கி, புதிய மரம் வைத்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, பியூட்டைல் நாடா வைத்து மூட்டுகளை மூடவேண்டும். வர்ணமும் திரைச்சீலையும் அதன் பிறகுதான்.

மூன்றாவது எரிவாயு. இதில் கைவைத்தியம் வேண்டாம். குழாய், அடுப்பு, வெப்பமூட்டி அனைத்தையும் உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளரிடம் காட்டுங்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுவிட்டு ஒருபோதும் உறங்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். அதற்கான எச்சரிக்கைக் கருவியொன்றும், புரொப்பேன் கசிவை அறியும் கருவியொன்றும் கட்டாயம் பொருத்துங்கள். புரொப்பேன் காற்றிலும் பாரமானது. ஆகவே அக்கருவி தரையை அண்டியே இருக்கவேண்டும்.

மின்சாரம்தான் இன்று இலகுவாகப் புதுப்பிக்கக்கூடிய பகுதி. பழைய மின்குமிழொன்று ஏறத்தாழ 18 வாற் மின்சாரம் இழுக்கும். எல்ஈடி குமிழுக்கு 2 அல்லது 3 வாற் போதும். கூரையில் 100 வாற் சூரியத்தகடு ஒன்றிருந்தால் விளக்குகளுக்கும் தொலைபேசிகளுக்கும் கோடையில் தாராளம். லிதியம் பற்றறி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பூச்சியம் பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கையில் அதற்கு மின்னேற்றக்கூடாது. எமது மாரிகாலத்தில் இது முக்கியம்.

வேலை முடிந்ததும் தோட்டக் குழாயால் நெடுநேரம் நீர் அடித்து, ஒருவர் உள்ளேயிருந்து பார்க்கட்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்துவிடுங்கள். ஓடும்போது பிள்ளைகளைக் காம்பருக்குள் விடாமல் ட்றக்கின் ஆசனத்தில் பட்டியணிந்து இருத்துங்கள். முதலிரவைத் தூர இடத்தில் கழிக்காமல் உறவினர் வீட்டு முற்றத்தில் கழித்தால், குறையேதும் தெரிந்தாலும் கதவைத் தட்ட ஒரு வீடிருக்கும்.