மரநிழலும் மருந்தும்

காட்டில் உலவினால் நோய் தீருமா என்று எங்களிடம் கேட்போர் பலர். காடு நோயைத் தீர்ப்பதில்லை. ஆயினும் நோயைத் தாங்கும் உடலுக்கும், நோயாளியைப் பேணுவோரின் மனத்திற்கும் அது துணை நிற்கக்கூடும்.

வனக் குளியல்

1982ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசின் வனத்துறை ‘ஷின்ரின்-யோகு’ என்னும் சொல்லை அறிமுகப்படுத்தியது. ‘வனக் குளியல்’ என்பது அதன் பொருள். இதில் நீராடுதல் இல்லை. காட்டின் ஒளியிலும் மணத்திலும் ஓசையிலும் தோய்ந்திருப்பதே குளியல். நகானோ மாநிலத்தின் அகாசாவா காடு இப்பழக்கத்தின் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது. அங்கு ஓங்கி வளர்ந்த ஹினோகி மரங்களினூடே மக்கள் மெல்ல நடக்கின்றனர். விரும்பிய இடத்தில் அமர்கின்றனர்.

உடலில் நிகழ்வது என்ன?

காட்டில் நடந்தவர்களையும் நகரத்தில் நடந்தவர்களையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். காட்டில் இருந்தோரிடம், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் குறைந்திருந்தது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிந்திருந்தன. இவ்வாய்வுகளுள் பல, நலமுடைய சிலரிடம் குறுகிய காலமே நடத்தப்பட்டவை. எனவே, ஒரு நாள் நடைக்குப்பின் இரத்த அழுத்தம் குறைந்து காணப்பட்டது என்று எவரும் தம் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தலாகாது.

சன்னலுக்கு வெளியே ஒரு மரம்

காட்டிற்குச் செல்ல இயலாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து, 1984இல் வெளியிட்டார். அவர்களுள் 23 பேரின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. ஏனைய 23 பேருக்குச் செங்கற்சுவரே தெரிந்தது. மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். வீரியமிக்க வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

நீங்கள் செய்யக்கூடியவை

• இயலுமாயின், நோயாளியின் கட்டிலை மரம் தெரியும் பக்கம் திருப்பி இடுங்கள்.

• நடக்க மருத்துவர் இசைவளித்தபின், நிழலுள்ள சமதளப் பாதையில் துணையுடன் மெல்ல நடக்கச் செய்யுங்கள். மூச்சு வாங்கினால் உடனே அமரச் செய்யுங்கள்.

• நீரிழிவு உடையோர் காலணியின்றி நடக்கலாகாது.

• புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும், ஆஸ்துமா உடையோரும் மண், செடிகொடிகள், மகரந்தம் ஆகியவற்றை அணுகுமுன் மருத்துவரைக் கேட்பது கட்டாயம்.

• பேணுவோரே, உங்களுக்கும் ஓய்வு தேவை. வேறொருவரை நோயாளியின் அருகே இருத்திவிட்டு, கைப்பேசியை ஒதுக்கிவைத்து, நாள்தோறும் சிறிது நேரம் ஒரு மரத்தடியில் அமருங்கள். அதனால் நோயாளியைக் கைவிட்டவராக மாட்டீர்கள். மறுநாளும் அவரைப் பேணும் வலிமையைப் பெறுவீர்கள்.

மருந்தும் மரநிழலும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. இரண்டையும் உங்கள் மருத்துவரின் அறிவுரைப்படி ஒருங்கே பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.