காமிராவும் அதன் உறையும்



யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினான் என்று நம் நாட்டில் ஒரு பேச்சு உண்டு. காமிரா வாங்குவோர் பலருடைய செய்தியும் அத்தகையதே. எந்தக் காமிரா நல்லது என்று பத்துப் பேரை வினவுவார்கள். பல நாள் ஆராய்வார்கள். ஆனால், அதற்கு உறை வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை மறுபேச்சின்றி வாங்கிவந்து விடுவார்கள். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு செய்தவன்தான். அதனால் இழந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் பயின்ற நாளில் என்னிடம் கைக்கடக்கமான பிலிம் காமிரா ஒன்று இருந்தது. அதற்கு வழவழப்பான தோலுறை ஒன்றும் இருந்தது. ஆயுதபூஜையன்று காமிராவுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபட்டபின், துடைத்து, தோலுறைக்குள் இட்டுப் பொத்தானை மாட்டி, மர அலமாரியில் பத்திரமாக வைத்தேன். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழையாகக் கழிந்தன. தை மாதத்தில் எங்கள் பாட்டியாருக்கு எண்பது வயது நிறைந்தது. சுற்றத்தார் எல்லாரும் கூடியிருந்தனர். பாட்டியாரை நடுவில் அமர்த்தி ஒரு சுருள் பிலிம் முழுவதும் படம் எடுத்தேன். கழுவி வந்த படங்களைப் பார்த்தபோது நெஞ்சம் திடுக்கிட்டது. எல்லாப் படங்களின்மீதும் மார்கழிப் பனி மூடியது போன்றதொரு வெண்மை படர்ந்திருந்தது. பாட்டியாரின் முகம் அதன் பின்னே மங்கித் தெரிந்தது.

அக்காமிராவில், படம் எடுப்பவர் பார்ப்பது ஒரு சிறு சாளரத்தின் வழியாக. படம் விழுவது லென்ஸின் வழியாக. ஆகவே, லென்ஸில் நேர்ந்த கேடு என் கண்ணுக்குப் புலப்படவே இல்லை. காமிரா பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். சிலந்தி வலையைப் போன்ற மெல்லிய இழைகள் உள்ளே படர்ந்திருந்தன. "தம்பி, இது பூசணம். காமிராவை மழையில் நனையவிடாமல் காத்தீர்கள், ஆனால், ஈரத்தையே அதற்குப் போர்வையாகப் போர்த்தி வைத்துவிட்டீர்கள்" என்றார் அவர். அவ்வாண்டு முடிவதற்குள் பாட்டியார் காலமாகிவிட்டார். இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அந்த மங்கிய படந்தான்.

காமிராவைக் காக்க வேண்டிய உறையே அதற்குப் பகையாவது எப்படி? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சிறு காமிராவுக்குத் தோலுறை என்பது பழைய உறவு. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் என்பவர், திரைப்படத்துக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமைக் கொண்டு சிறு காமிரா ஒன்றை உருவாக்கினார். 1925-ஆம் ஆண்டில் லைப்சிக் வணிகச் சந்தையில் அது லைகா என்னும் பெயருடன் வெளிவந்தது. காமிரா சிறிதானதும் அது மேசையை விட்டிறங்கி மனிதருடைய தோளுக்கும் சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்தது. அவ்வாறு வந்ததனால் இடிபடவும், கீழே விழவும், மழையில் நனையவும் நேர்ந்தது. உறையின் தேவையும் அங்கிருந்தே பெருகியது. முன்மூடியைத் திறந்து தொங்கவிட்டபடியே படம் எடுக்கக்கூடிய தோலுறைகள் பல்லாண்டுகள் வழக்கில் இருந்தன.

உறை செய்ய வேண்டிய முதல் வேலை, அடியைத் தாங்குவது. இதை நீங்கள் பள்ளியில் பயிலும் இயற்பியலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். 240 கிராம் எடையுள்ள ஒரு காமிரா, 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர். சிமெண்டுத் தரையில் அது 1 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுமானால், விழுந்த தூரம் நின்ற தூரத்தைப்போல் 1,000 மடங்கு. ஆகவே, காமிராவின்மேல் தாக்கும் சராசரி விசையும் அதன் எடையைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. அதாவது 240 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். அதே காமிரா, அமுங்கிக் கொடுக்கும் மெத்தென்ற உறைக்குள் இருந்து, 1 சென்டிமீட்டர் தூரம் அமுங்கி நின்றால், விசை பத்தில் ஒரு பங்காகிவிடும். உறையின் மந்திரம் இவ்வளவே: நிற்கும் தூரத்தை நீட்டிக் கொடுப்பது. ஆகவே, வெளிப்புறம் எவ்வளவு கடினமாக இருந்தாலும், உட்புறத்தில் அமுங்கும் மெத்தை இல்லாத உறை, விழும் காமிராவை முழுதும் காக்காது. மாறாக, மெத்தை மட்டும் உடைய உறை, பேருந்து நெரிசலில் நேரும் நசுக்கலைத் தாங்காது. வெளியே சற்று விறைப்பும் உள்ளே மென்மையும் சேர்ந்து அமைவதே சிறப்பு.

மெத்தையிலும் வகை உண்டு. நீரில் மூழ்குவோர் அணியும் ஆடைக்குப் பயன்படும் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர், காற்றறைகள் ஒன்றோடொன்று திறவாமல் மூடியிருக்கும் பொருளாகும். அதனுள் நீர் எளிதில் ஊறாது. சாதாரண நுரைப்பஞ்சு அப்படியன்று, நீரை உறிஞ்சும். மேலும், பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு நம்மைப் போன்ற ஈரக்காற்று நாடுகளில் சில ஆண்டுகளில் சிதைந்து, பிசுபிசுத்துப் பொடியாக உதிரும். அப்பொடி பொத்தான்களின் இடுக்கில் புகுந்துகொள்ளும். பழைய உறையொன்று உங்களுக்குக் கிடைத்தால், உட்புறத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒட்டுமானால் அவ்வுறையைத் தள்ளிவிடுவதே நன்று.

அடுத்தது அளவு. கடைக்குச் செல்லுமுன் காமிராவின் நீள அகல உயரங்களை அளந்துகொள்ளுங்கள். காட்டாக, சோனி நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ்.100 என்னும் கையடக்கக் காமிராவின் அளவு 101.6, 58.1, 35.9 மில்லிமீட்டர். உறையின் வெளியளவைக் கண்டு ஏமாறலாகாது; மெத்தை போக எஞ்சும் உள்ளளவே கணக்கு. உறை தளர்வாக இருந்தால் காமிரா உள்ளேயே குலுங்கிக் குலுங்கி மோதும். இறுக்கமாக இருந்தால் வேறொரு தொல்லை: இக்காலத்துக் காமிராக்கள் பலவற்றில், பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் மோட்டாரால் உந்தப்பட்டு வெளியே நீளும். இறுகிய உறைக்குள் அப்பொத்தான் தானே அழுந்திவிடுமாயின், வெளிவர இடமில்லாத லென்ஸ் உறையோடு போராடும். நுண்ணிய பற்சக்கரங்கள் கெடும். ஆதலால், கடையிலேயே காமிராவை உறையிலிட்டு மூடி, மேற்புறத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பிறகு காதருகே வைத்து மெல்ல அசைத்துப் பாருங்கள். லென்ஸ் நீளும் ஓசையும் கேட்கலாகாது; காமிரா ஆடும் ஓசையும் கேட்கலாகாது.

மூடும் முறையையும் கவனிக்க வேண்டும். ஜிப் வைத்த உறையாயின், அதன் பற்களுக்கும் காமிராவின் கண்ணாடித் திரைக்கும் நடுவே துணிமடிப்பு ஒன்று இருத்தல் வேண்டும். இல்லையேல் எடுக்கும்போதும் வைக்கும்போதும் திரையில் கீறல் விழும். இழுத்தால் பிரியும் ஒட்டுப்பட்டை ஒன்று உண்டு. வயல் வரப்பில் நடந்தால் நாயுருவி விதைகள் வேட்டியில் ஒட்டிக்கொள்வதை அறிவீர்கள். அதைப் போன்ற ஒட்டுவிதைகளைக் கண்டே ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்பவர் இப்பட்டையைப் படைத்தார். விரைவாகத் திறக்கலாம் என்பது அதன் நன்மை. சங்கீதக் கச்சேரியிலோ, பறவையைப் படமெடுக்கும்போதோ 'பர்ர்' என்று கிழியும் ஓசை எழுவது அதன் குறை. காந்தப் பொத்தான்களைக் கண்டு சிலர் அஞ்சுவர். இக்காலத்து நினைவகச் சில்லுகளில் உள்ள படங்களைக் காந்தம் அழித்துவிடாது, அவ்வச்சம் வேண்டா.

மழைக்கும் தூசுக்கும் எந்த உறை ஏற்றது என்பதை அறியச் சில உறைகளிலும் கருவிகளிலும் ஐ.பி. என்னும் எழுத்துகளோடு ஈரிலக்கக் குறியீடு பொறித்திருப்பார்கள். முதல் இலக்கம் தூசைப் பற்றியது. இரண்டாவது நீரைப் பற்றியது. 67 என்றிருந்தால், தூசு அறவே புகாது என்பதும், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் கேடு விளையாது என்பதும் பொருள். கடற்கரைக்கும் ஆற்றுக்கும் செல்பவருக்கு இது பயன்படும். நாள்தோறும் கல்லூரிக்கு எடுத்துச் செல்பவருக்கு இவ்வளவு காப்பு வேண்டுவதில்லை. உறை பெருத்தால் அதை வீட்டில் விட்டுச்செல்லவே மனம் நாடும். வீட்டில் இருக்கும் காமிரா படம் எடுக்காது அன்றோ?

இங்கே ஜப்பான் நாட்டு அறிஞர் ஒருவரை நினைவுகூர வேண்டும். ஒலிம்பஸ் நிறுவனத்தில் காமிராக்களை வடிவமைத்த மைதானி யோஷிஹிசா என்பவர், தனி உறையும் லென்ஸ் மூடியும் இல்லாமலே பையில் போட்டுக்கொள்ளும் காமிரா வேண்டும் என்று கருதினார். 1979-இல் வெளிவந்த எக்ஸ்.ஏ. என்னும் காமிரா அக்கருத்தின் பயன். வழுக்கி நகரும் கதவு ஒன்று அதன் லென்ஸை மூடும். அதைத் திறந்ததும் காமிரா படமெடுக்க ஆயத்தமாகிவிடும். உறை நமக்குப் பணி செய்ய வேண்டுமேயன்றி, நாம் உறைக்குப் பணி செய்யலாகாது என்பதை அவ்வமைப்பு கற்பிக்கிறது. ஒரு கையால் திறந்து காமிராவை எடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று கடையிலேயே எண்ணிப் பாருங்கள்.

நிற்க. என் காமிராவைக் கெடுத்த பகைக்கு வருகிறேன்.

காற்றின் ஈரப்பதம் 65 அல்லது 70 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நீடித்தால் பூசணம் முளைக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் காலை வேளையின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நாட்கள் பல. லென்ஸின்மீது, ஒளி வீணே எதிரொளிக்காதிருக்க மெல்லிய பூச்சு ஒன்று இடப்பட்டிருக்கும். சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் கண்ட முறையிலிருந்து வளர்ந்தது அது. மெக்னீசியம் புளூரைடால் ஆன ஓரடுக்குப் பூச்சாயின், அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கே. பூசணம் சுரக்கும் அமிலம் அப்பூச்சை அரித்துவிடும். பின்னர்த் துடைத்தாலும் தடம் நிற்கும். அதற்கு வேண்டியவை ஈரமும், இருளும், அசையாக் காற்றும், சிறிது உணவும். தோலுறை இவை அனைத்தையும் ஒருங்கே அளிக்கிறது. தோலும், அதில் ஊட்டிய எண்ணெயும் பூசணத்துக்கு விருந்து.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 5 லிட்டர் கொள்ளும் ஒரு டப்பாவில், 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை அடைத்தால், அதிலுள்ள நீராவியின் எடை சுமார் 0.12 கிராம்தான். ஆனால், 150 கிராம் எடையுள்ள தோலுறையில், எடையில் பத்தில் ஒரு பங்கு ஈரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 15 கிராம் நீர் இருக்கும். காற்றில் உள்ளதைப்போல் நூறு மடங்குக்கும் மேல்! காமிராவுக்கு ஈரம் வந்தது வெளியிலிருந்து மட்டுமன்று, உறையிலிருந்தே என்பது இப்போது விளங்கும்.

ஆகவே, நான் கண்ட முடிவு இது: பயணத்துக்கு உறை, இருப்புக்குப் பெட்டி. இரண்டு பணியையும் ஒரே பொருளிடம் எதிர்பார்க்கலாகாது. வீடு திரும்பியதும் காமிராவை உறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மின்கலத்தையும் நெடுநாள் பயன்படுத்தாதபோது கழற்றிவிடலாம். சமையலறையில் பருப்பு வைக்கும் காற்றுப்புகா டப்பாவைப் போன்ற ஒன்றில், 50 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிமுடிச்சாகக் கட்டி வைத்து, காமிராவை மட்டும் அதில் வைக்க வேண்டும். உறையை வெயில்படாத காற்றோட்டமான இடத்தில் திறந்தவாறு தொங்கவிடலாம். சிலிக்கா ஜெல் ஈரம் ஏற்றதும் நிறம் மாறும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் பழைய வகையில் கோபால்ட் குளோரைடு சேர்ந்திருப்பதால், அதைவிட ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாகும் வகையே கையாளத் தக்கது. சூட்டடுப்பில் அளவாகச் சூடேற்றி உலர்த்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். ஈரமானி ஒன்றையும் டப்பாவில் வைத்து, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

ஓரிடத்தில் மட்டும் மூடிய உறையே நண்பன். குளிரூட்டிய 22 டிகிரி அறையிலிருந்து 32 டிகிரி வெயிற்காலக் காற்றுக்கு வரும்போது, குளிர்ந்த லென்ஸில் பனித்துளி படியும். அப்போது காமிராவை உறையோடு பாலிதீன் பையில் இட்டு மூடி, அரைமணி நேரம் சென்றபின் திறந்தால், துளிகள் பையின் வெளியே படியும், லென்ஸ் தப்பும்.

கைப்பேசி பெருகிய பின்னர்க் கையடக்கக் காமிராக்களின் உற்பத்தி வெகுவாகச் சுருங்கிவிட்டது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அருகி வருகிறார்கள். உங்கள் தந்தையாரோ மாமாவோ பயன்படுத்திய காமிரா ஒன்று வீட்டு அலமாரியில், தோலுறைக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். இன்று மாலையே அதை வெளியே எடுங்கள். லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை ஏதும் இல்லையெனில் உறையைத் தனியே மாட்டிவிட்டு, காமிராவை உலர்ந்த டப்பாவுக்கு மாற்றுங்கள். பிறகு, வீட்டில் உள்ள முதியவர்களை வெளிச்சத்தில் அமர்த்தி ஒரு படம் எடுத்து வையுங்கள். முகம் தெளிவாக விழட்டும்.