தம்பலகாமம்: குளத்துக்கும் குடாவுக்கும் நடுவே

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்று தம்பலகாமம். திருகோணமலை நகரிலிருந்து கந்தளாய் வழியாகக் கொழும்புக்குப் போகும் ஏ-6 நெடுஞ்சாலையில், நகருக்குத் தென்மேற்கே சுமார் 24 கிலோமீற்றர் தொலைவில் இது அமைந்திருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 244 சதுர கிலோமீற்றர். நிர்வாக வசதிக்காக 12 கிராம அலுவலர் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. கிழக்கே கிண்ணியா, தெற்கிலும் தென்மேற்கிலும் கந்தளாய், வடக்கே திருகோணமலைப் பட்டினமும் சூழலும் ஆகிய பிரிவுகள் இதை அடுத்துள்ளன.

மேட்டில் கந்தளாய்க் குளம், பள்ளத்தில் தம்பலகாமக் குடா. இந்த இரண்டு நீர்நிலைகளுக்கும் நடுவே சரிந்து கிடக்கும் வண்டல் நிலமே தம்பலகாமத்தின் உயிர்நிலை. மக்கள் எங்கே குடியேறினார்கள், எதைப் பயிரிட்டார்கள், எந்தத் தெய்வத்துக்கு எதற்காகப் படையலிட்டார்கள் என்ற கேள்விகள் எல்லாம் கடைசியில் தண்ணீரிலேயே வந்து முடிகின்றன.

குடாவும் சிப்பியும்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. அதன் தென்மேற்கு மூலையில், ஒடுங்கிய வாய் வழியாக உள்ளே புகும் கடல்நீர் அகன்று பரவி, ஆழமற்ற ஓர் உள்குடாவாகிறது. இதுவே தம்பலகாமக் குடா. அலை அடங்கிய இந்த நீர்ப்பரப்பின் அடித்தளம் சேறு. கரையோரங்களில் கண்டல் மரங்கள். இறால், நண்டு, களப்பு மீன் ஆகியவற்றைப் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் கரையோரக் குடியிருப்புகளில் இன்றும் உள்ளன.

குடாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியுலகம் அறிந்தது ஒரு சிப்பியால். இரண்டு ஓடுகளும் தட்டையாக, உள்ளங்கை அகலத்தில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மங்கலாக ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியவையாக இருக்கும் சிப்பி அது. சீனாவிலும் பிலிப்பைன்சிலும் இந்த ஓட்டைக் கண்ணாடிக்குப் பதிலாகச் சாளரங்களில் பதித்தார்கள். தம்பலகாமத்திலோ அதனுள் விளையும் பொடி முத்துக்காக எடுத்தார்கள். அணிகலனுக்கு உதவாத அந்தச் சிறுமுத்து இந்தியக் கரைக்கு ஏற்றுமதியானது. அங்கே அதைச் சுட்டு நீறாக்கி, வசதி படைத்தவர்கள் வெற்றிலையோடு மென்றார்கள். குடாவில் சிப்பி எடுக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. 1858ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் மட்டும் குத்தகைக்காரர் எடுத்த சிப்பி 1 கோடியே 80 இலட்சத்துக்குக் குறையாது என்று எமர்சன் டெனன்ட் இலங்கை பற்றிய தம் நூலில் கணக்கிட்டார். உயிரியலாளர் கெலார்ட் 1850களில் இந்தச் சிப்பியைப் பற்றி அரசுக்குத் தனி அறிக்கையே எழுதினார்.

குளமும் வயலும்

தம்பலகாமம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவருவதே பெருமழை. அதன் பிறகு, குறிப்பாக மே முதல் ஓகஸ்ட் வரை, வறண்ட கச்சான் காற்று வீசும். மழையை மட்டும் நம்பினால் ஆண்டுக்கு ஒரு போகமே மிஞ்சும். கந்தளாய்க் குளம் இருப்பதால் பெரும்போகத்தோடு சிறுபோகமும் இங்கே விளைகிறது.

குளத்தின் தொடக்கம் பற்றி இரண்டு மரபுகள் உண்டு. சிங்கள வரலாற்று மரபு ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்போ மன்னனின் பணியாக அதைக் கூறும். திருகோணமலைத் தமிழ் மரபோ, கோணேசர் கோயில் நிலங்களுக்கு நீர் தர அதைக் கட்டியவன் குளக்கோட்டன் என்று கூறும். கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு என்ற நூல் இந்த இரண்டாவது மரபின் முக்கியச் சான்று. பேராற்றை மறித்து எழுந்த இந்தக் குளம் பிரித்தானியர் காலத்தில் திருத்தப்பட்டது. 1976இல் பொல்கொல்லை அணை செயல்படத் தொடங்கியதும், மகாவலியிலிருந்து திருப்பிய நீர் மின்னேரியா, கவுடுல்லை வழியாகக் கந்தளாய்க்கும் வந்து சேர வழி பிறந்தது.

1986 ஏப்ரல் 20 அதிகாலையில் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் பெருமளவில் அழிந்தன. பின்னர் கட்டு மீளக் கட்டப்பட்டது.

குளத்து நீர் வாய்க்கால்களில் இறங்கி, வட்டை வட்டையாக வயல்களை நனைத்து, எஞ்சியது வடிகால்கள் வழியே குடாவில் விழுகிறது. எந்த வட்டைக்கு எந்த நாளில் தண்ணீர், விதைப்பு எப்போது, மாட்டை வயலிலிருந்து அப்புறப்படுத்தும் கெடு எது என்பனவெல்லாம் போகத்துக்கு முன் கூடும் கூட்டத்தில் முடிவாகும். முன்பு சூடு வைத்து, களவெட்டியில் எருமை பூட்டி மிதித்த இடங்களில் இப்போது அறுவடை இயந்திரம் ஒரே நாளில் வெட்டித் தூற்றி மூட்டையாக்கிவிடுகிறது. உழவிலிருந்து ஓய்ந்தாலும் எருமை ஊரைவிட்டுப் போகவில்லை. சட்டியில் உறைய வைத்த எருமைத் தயிர் இப்பகுதியின் மற்றொரு வருவாய்.

திடல்களில் ஊர்

பழைய தம்பலகாமத்தின் குடியமைப்பு இந்த வயல்வெளியால் உருவானது. மாரியில் சுற்றிலும் வெள்ளம் நிற்கும் தாழ்நிலத்தில், சற்றே மேடான திட்டுகளில்தான் வீடு கட்ட முடியும். குஞ்சடப்பன்திடல், நாயன்மார்திடல் போன்ற பெயர்களில் திடல்கள் வரிசையாக இருப்பது இதனால்தான். ஒவ்வொரு திடலிலும் தென்னையும் மாவும் சூழ்ந்த சில பத்து வீடுகள், ஒரு சிறு கோயில், ஒரு கிணறு. வளவைத் தாண்டினால் வயல் வரம்பு. ஒரு திடலிலிருந்து அடுத்ததற்குப் போக வரம்பும் வாய்க்கால் கட்டுமே நெடுங்காலம் வழியாக இருந்தன.

இவற்றின் நடுவே கோயில்குடியிருப்பில் ஆதிகோணநாயகர் ஆலயம் உள்ளது. 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்தபோது காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் காட்டில் மறைத்து வைக்கப்பட்டு, பின்னர் இங்கே நிலைபெற்றன என்பது மரபு. கோயிலுக்கும் குளத்துக்கும் இருந்த பிணைப்பு வழிபாட்டிலும் தெரியும். மழை பொய்க்காமலும் கட்டு உடையாமலும் இருக்க, கோயில் தொழும்பாளர்கள் கந்தளாய்க் குளத்தில் வேள்வி நடத்துவது முன்னாளைய வழக்கம்.

மக்கள்

ஒல்லாந்தர் காலத்தில் திருகோணமலைப் பகுதி நகரம், கொட்டியாபுரப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று என நான்காக ஆளப்பட்டது. அன்றைய தம்பலகாமப்பற்றில் கந்தளாயும் அடங்கும். 1786இல் திருகோணமலை ஒல்லாந்த அதிகாரி ஃபான் சென்டன் இப்பகுதிகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதிவைத்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கந்தளாயில் அரசு பெருங்குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. கந்தளாய் தனிப் பிரிவானது. குளத்து நீரைப் பங்கிட்டுக்கொள்வோர் தொகையும் பெருகியது.

2012 குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி தம்பலகாமம் பிரிவில் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். சதுர கிலோமீற்றருக்குச் சுமார் 115 பேர். அதே கணக்கெடுப்பில் பட்டினமும் சூழலும் பிரிவில் இது அறுநூறைத் தாண்டியது. அந்த அளவுக்குத் தம்பலகாமம் இன்னும் வயலும் காடும் மிகுந்த நாட்டுப்புறம். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் இங்கே கணிசமாக வாழ்கின்றனர், முஸ்லிம்களே பெருந்தொகையினர். மாவட்டம் முழுவதையும் எடுத்தால் முஸ்லிம்கள் 40 விழுக்காடு, தமிழர் 30 விழுக்காடு, சிங்களவர் 27 விழுக்காடு அளவில் இருந்தனர்.

மூன்று சமூகங்களும் குடியிருக்கும் இடங்களில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வயல் நடுவிலுள்ள பழைய திடல்களிலும் பாரதிபுரம், பத்தினிபுரம் போன்ற ஊர்களிலும் தமிழர் மிகுதி. நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த முள்ளிப்பொத்தானை முஸ்லிம்களின் முக்கிய ஊர். வேளாண்மையோடு வியாபாரமும் அங்கே தழைத்ததால், இன்று அது பிரிவின் கடைத்தெரு போன்றது. கல்மெட்டியாவைப் பகுதியில் சிங்களவர் மிகுதி. மூவருக்கும் பிழைப்பு ஒன்றே, நெல். அதற்கு நீர் தரும் குளமும் ஒன்றே.

1980களிலிருந்து 2000களின் இறுதிவரை நீடித்த போர் இந்த வரைபடத்தைக் குலைத்தது. பலமுறை மக்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். வயல்கள் தரிசாகக் கிடந்தன. 1998 பெப்ரவரி 1ஆம் திகதி பாரதிபுரத்தைச் சேர்ந்த தமிழர் எட்டுப் பேர் கொல்லப்பட்ட நிகழ்வு அக்காலத்தின் ஆழமான வடு. போர் ஓய்ந்த பின் பலர் திரும்பி வந்து பழைய நிலங்களைத் திருத்தினர். காட்டோரக் காணிகளில் யானைத் தொல்லை இப்போது விவசாயிகளின் நிரந்தரக் கவலை.

போக்குவரத்து

1927இல் திறக்கப்பட்ட திருகோணமலை ரயில்பாதை கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் நிலையங்களைக் கடந்து சீனன்குடா வழியாகத் துறைமுக நகரை அடைகிறது. ஏ-6 சாலையில் கொழும்பு, கண்டிப் பேருந்துகள் இரவு பகலாக ஓடுகின்றன. அதிலிருந்து பிரியும் ஒரு சாலை வயல்வெளி நடுவே கிண்ணியாவுக்குப் போகிறது. குடாவின் வாயில், முன்பு பாதை எனும் மிதவையில் ஏறிக் கடந்த துறையில், 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. இதனால் குடாவைத் தம்பலகாமம் வழியாகச் சுற்றாமலே கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு நேராகப் போக முடிகிறது. தம்பலகாமத்து நெல்லும் தயிரும் மீனும் தென்மேற்கே கந்தளாய், கிழக்கே கிண்ணியா, வடக்கே திருகோணமலை ஆகிய மூன்று சந்தைகளுக்கும் ஒரு மணிநேரத்துக்குள் போய்ச் சேர்கின்றன.