அப்புச்சி நாற்காலிக்குப் புதுக் கால்!

எங்கள் வீட்டில் அப்புச்சி காலத்து ஈட்டி மர நாற்காலி ஒன்று உண்டு. போன வருஷம் அதன் பின்னங்கால் முறிந்துவிட்டது. ராசிபுரத்து ஆசாரி தேக்கில் புதுக் கால் செய்து பொருத்தினார். கால் உறுதிதான். ஆனால் கறுத்த நாற்காலிக்கு வெளுத்த கால்! "விறகுக்குப் போட்டுட்டு பிளாஸ்டிக் சேர் வாங்கிக்கலாம்மா" என்றான் மகன். என் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

நானே கறுப்புச் சாயம் வாங்கித் தடவினேன். தார் பூசினாற்போல் ஆகிவிட்டது! ஆசாரி வந்து பார்த்துச் சிரித்தார். "ஈட்டி வெறும் கறுப்பு இல்லீங்க அம்மிணி. செம்பழுப்புலே கறுப்பு ரேகை. மேலே இருக்கிறது அழுக்கு. நெறத்தைக் கூட்டறது சுலபம், குறைக்கறதுதான் கஷ்டம்" என்றார்.

அவரிடம் கற்றுக்கொண்டது இதுதான்:

முதலில் பழைய பாகத்தைச் சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர விடுங்கள். உண்மையான நிறம் அப்போதுதான் தெரியும். அடிப்புறத்தில் ஸ்பிரிட் நனைத்த துணியை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்குப் பாலிஷ்.

புதுக் காலை 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். செம்பழுப்புச் சாயத்தை நீர்க்கக் கரைத்து, மீந்துபோன தேக்குத் துண்டில் முதலில் பூசுங்கள். காய்ந்த சாயம் வெளிறித்தான் தெரியும். பாலிஷ் பட்டதும் கறுக்கும். ஆகவே ஒரு கை பாலிஷும் போட்டு, பகல் வெளிச்சத்தில் நாற்காலியோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு மெல்லிய பூச்சு. கறுப்பு ரேகைகளை மெல்லிய தூரிகையால் கடைசியில் இழுக்கலாம்.

பாலிஷுக்கு அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 100 கிராம் அரக்குச் சீவலை ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். பஞ்சு பொதிந்த துணியால் மெல்லியதாகப் பல தடவை தேய்த்தால் மினுமினுக்கும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கமே வேண்டாம். இந்தப் பாலிஷ் மேல் சூடான காப்பித் தம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஜாக்கிரதை!

குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பழைய பெயின்ட் அடித்த சாமானை நீங்களாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளுக்கு ஆகாது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

என் தார்ப்பூச்சைச் சுரண்டி, மறுபடி செய்து முடிக்க நாலு நாள் ஆயிற்று. அம்மா நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுலே புதுக் கால் எது கண்ணு?"