வெயிலுக்கு அஞ்சும் குடை

கல்லாற்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்கள். இவர் பிறந்து வளர்ந்தது லயத்துத் தகரக் கூரையின் கீழ். வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டுத் திரும்பி, ஆற்றங்கரையிலிருந்து கொஞ்சம் ஏறிய மேட்டில் ஒரு வார்ப்பு வீடு கட்டியிருக்கிறார். "தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்குப் பயந்துதான் ஐயா கான்கிரீட் போட்டேன். இப்போது கான்கிரீட்டுக்குக் கீழே வாளி வைத்துவிட்டுத் தூங்குகிறேன். வாளியில் சொட்டுகிற சத்தம் அதைவிட மோசம்" என்கிறார். யாரோ கூரைமேல் நுரை பீய்ச்சித் தருகிறோம் என்று வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். செய்யலாமா என்று கேட்கிறார்.

செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். அதற்குள் போவதற்கு முன்னால் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் கல்லாற்றில் இறங்கிக் கால் நனைப்பார்கள். பெயருக்கேற்ற ஆறு. யானைக் குட்டி அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரைக்கும் உருண்டைக் கற்கள். அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். மலையாள மாதக் கணக்கில் இடவப்பாதியில் ஒரு மழை, துலாத்தில் ஒரு மழை என்று வருடத்தில் இரண்டு முறை அந்த மலை நனையும். இடைப்பட்ட மாதங்களிலும் சாயங்காலம் இடித்துக்கொண்டு ஒரு மழை வந்து போகும். அந்தக் காட்டுக் காணிக்காரர்களின் பழைய ஓலைக் குடிலைப் பார்த்தாலும் சரி, மலையாளத்துப் பழைய ஓட்டு வீட்டைப் பார்த்தாலும் சரி, கூரை செங்குத்தாக இறங்கும். வந்த மழையை உட்காரச் சொல்லாமல் வாசலோடு அனுப்பிவைக்கும் கூரைகள் அவை. மட்டமான தளம் மழையை உட்காரவைத்துப் பேசும். பேச்சு நீண்டால் விருந்தாளி உள்ளே வருவார்.

மட்டத் தளம் தமிழருக்குப் புதிதல்ல. எங்கள் ஆச்சி வீட்டுத் தட்டட்டி (திருவனந்தபுரம் பக்கத்தில் மட்டுப்பாவு என்பார்கள்) மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டிக் கட்டியது. பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்களாம். அடிக்கிற தாளத்துக்குப் பாட்டு உண்டு என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். மேலே தட்டோடு. அப்படிக் கட்டிய தளத்தில் கொத்தனார் முதலில் பார்ப்பது வாட்டம். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினால் அது தயங்காமல் மழைநீர்க் குழாயைத் தேடிப் போக வேண்டும். இப்போதைய வார்ப்பு வீடுகளில் கம்பி கணக்கு, சிமெண்ட் கணக்கு எல்லாம் கேட்கிறோம். வாட்டம் எவ்வளவு என்று கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. விளைவு கேரளம் முழுக்கத் தெரிகிறது: கான்கிரீட் தளத்துக்கு மேலே இரும்புக் கால் நட்டுத் தகர ஷீட் போட்ட வீடுகள். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கூரைக்கு ஒரு கூரை.

நுரைக்கு வருவோம். வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும். அதில் இரண்டு பீப்பாய். ஒன்றில் ஐசோசயனேட், இன்னொன்றில் பாலியால் என்ற எண்ணெய் மாதிரியான திரவம். இரண்டையும் தனித்தனிக் குழாயில் சூடாக்கி, அழுத்தத்தோடு மாடிக்கு ஏற்றுவார்கள். துப்பாக்கியின் வாயில்தான் இரண்டும் முதன்முதலாகச் சந்திக்கும். சந்தித்தால் அவ்வளவுதான், பிரிக்க முடியாது. தளத்தில் விழுந்த ஓரிரு நொடியில் பால் மாதிரி வெளுக்கும். பத்துப் பதினைந்து நொடியில் இருபது முப்பது மடங்கு பொங்கி நிற்கும். அம்மா கள் ஊற்றி ஆப்ப மாவு புளிக்க வைப்பாள். அது ராத்திரி முழுக்க மெதுவாக ஏறி, காலையில் பானையின் மூடியைத் தூக்கியிருக்கும். அந்த ராத்திரியை யாரோ பத்து நொடிக்குள் மடித்து வைத்தமாதிரி இருக்கும் இந்த நுரை எழுவது. கொஞ்ச நேரத்தில் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும்; அன்றைக்கே மேலே நடக்கலாம்.

இந்த நுரையின் குடும்பத்துக்குப் பாலியூரித்தேன் என்று பெயர். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. (ஆஸ்பிரின் கம்பெனியைத் தொடங்கிய பேயர் குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை.) ஐசோசயனேட்டில் எங்கிருந்தோ ஈரம் கலந்து, பண்டம் குமிழ் குமிழாகப் போனதைத் தொடக்கத்தில் பழுது என்றுதான் நினைத்தார்கள். ஈரம் பட்டால் அது கரியமில வாயுவை விடும், அதனால் வந்த குமிழ். இந்த ஈர விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கூரைக்கு அடிக்கிற நுரை கெட்டியான ரகம். அதன் குமிழ்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாய் மூடியவை. ஒவ்வொன்றும் தன் வாயுவைத் தன்னோடு வைத்துக்கொண்டு, பக்கத்துக் குமிழுக்குத் தண்ணீரையும் சூட்டையும் கடத்த மறுக்கும். 5 சென்டிமீட்டர் நுரை தடுக்கிற சூட்டைக் கான்கிரீட்டால் மட்டும் தடுக்க வேண்டுமானால் தளம் ஏறக்குறைய 3 மீட்டர் கனத்தில் இருக்க வேண்டும். எடையோ ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோவுக்குள். 1,000 சதுர அடி மாடிக்கு மொத்த நுரையும் நான்கு நெல் மூட்டை கனம் கூட வராது. அதே மாடியில் ஆச்சி காலத்து ஜல்லியை 10 சென்டிமீட்டருக்குப் போட்டால் 14 டன்னுக்குக் குறையாது. ஏற்கெனவே தளர்ந்த தளத்தில் மேலும் பாரம் ஏற்றக் கூடாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

எனக்கு இதில் பிடித்த குணம் மூட்டு இல்லாமை. தார் ஷீட்டை எத்தனை கவனமாக ஒட்டினாலும் ஒரு ஷீட்டும் இன்னொன்றும் சேருகிற இடம் இருக்கும். தட்டோட்டுக்கு ஓட்டுக்கு ஓடு நான்கு சந்து. தண்ணீருக்கு வேலை வெட்டி கிடையாது, சந்து தேடுவதே அதன் தொழில். நுரை தளத்தில் தொடங்கி, கைப்பிடிச்சுவரின் அடியில் வளைந்து ஏறி, தண்ணீர்த் தொட்டியின் கால்களைச் சுற்றி, குழாயின் கழுத்தைப் பிடித்து, ஒரே உடம்பாக நிற்கும். பள்ளமான இடத்தில் இரண்டு கை கூடுதலாக அடித்து வாட்டத்தையும் சரிசெய்துவிடலாம். கொத்தனார் மறந்ததை நுரைக்காரர் ஈடுகட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பகலெல்லாம் வெயிலில் விரிந்த தளம், நாலு மணி மழையில் சட்டென்று சுருங்கும். நம் தளங்களில் மயிரிழை விரிசல் விழுவதற்கு இந்தத் தினசரிக் குத்துவெட்டு ஒரு முக்கியக் காரணம். நுரை மேலே இருந்தால் கீழே இருக்கிற கான்கிரீட்டுக்கு வெயில் வந்ததும் மழை வந்ததும் தெரியாது.

இவ்வளவு பெருமையுள்ள பண்டத்துக்கு ஒரு விசித்திரமான பலவீனம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். வெயிலைத் தடுப்பதற்காக மாடியில் ஏறுகிற இந்த நுரையால் வெயிலில் நிற்க முடியாது.

சூட்டை அது தாங்கும். தாங்காதது புற ஊதாக் கதிரை. வெளியே வைத்த சில நாட்களில் வெண்மஞ்சள் நுரை பழுத்த மஞ்சளாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு பழுப்பு. தடவினால் மேல்தோல் மாவாகக் கையில் வரும். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் இதே ஜாதி நுரைதான் இருக்கிறது. அங்கே இருட்டில் வருடக்கணக்கில் சுகமாக வாழும். மாடியில் மேற்பூச்சு இல்லாமல் விட்டால் முகம் சுருங்கிப்போகும்.

இந்த நிற மாற்றத்தை உலகமே பார்த்திருக்கிறது, இன்னதென்று தெரியாமல். அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விமானம் ஒன்று ஒரு பெரிய ஆரஞ்சுத் தொட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும். அந்த ஆரஞ்சு, வண்ணம் அடித்ததல்ல. தொட்டிக்குள் மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன். அது கொதித்துப் போகாமலும், வெளியே பனிக்கட்டி படியாமலும் இருக்க மேலே பீய்ச்சிய நுரையின் நிறம் அது. 1981இல் பறந்த முதல் இரண்டு பயணங்களில் அந்தத் தொட்டிக்கு வெள்ளை வண்ணம் பூசியிருந்தார்கள். வண்ணத்தின் எடை மட்டும் ஏறக்குறைய 270 கிலோ என்பதால் 1982இல் மூன்றாவது பயணத்திலிருந்து அதை விட்டுவிட்டார்கள். எட்டரை நிமிடத்தில் கழற்றி எறியப்போகிற தொட்டிக்கு வெயிலால் என்ன கெட்டுவிடும்? அவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. நம் மாடி எட்டரை நிமிடத்துக்கு அல்ல.

அதே நுரை 2003இல் ஏழு உயிர்களையும் வாங்கியது. கொலம்பியா ஏறும்போது தொட்டியிலிருந்து முக்கால் கிலோ அளவுள்ள ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும்போது, அந்த ஓட்டை வழியாக அனல் புகுந்து ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா அதில் இருந்தார். பெயர்ந்த இடம் எது தெரியுமா? ஆள் நின்று கையால் பீய்ச்சி, கையால் செதுக்கிய ஒரு மூலை. பிறகு அதேபோன்ற மூலைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெற்றிடங்களும் குறைகளும் தென்பட்டன. நுரை பிடிப்பதும் பெயர்வதும் துப்பாக்கி பிடித்தவரின் மணிக்கட்டில் இருக்கிறது.  

மணிக்கட்டைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. என் மைத்துனர் வீட்டில் நுரை அடித்தார்கள். ஆளின் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம். ராத்திரி தூறிவிட்டு விடிந்திருந்தது. தளம் பார்க்கக் காய்ந்தாற்போலத்தான் இருந்தது. வண்டி வந்துவிட்டது, வாடகை ஓடுகிறது என்று அடித்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் மாடி முழுக்கக் கொப்புளம், பூரி மாதிரி. நான் மேலே சொன்ன ஈரம் அடியிலிருந்து வாயுவாகி எழுந்து நுரையைத் தளத்திலிருந்து தூக்கிவிட்டது. கத்தியால் கீறினால் உள்ளே வியர்த்திருந்தது. அடித்த பையன்களை அன்றைக்கே பார்த்தேன். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் காப்பு. ஐசோசயனேட் தூவல் ஒருமுறை நெஞ்சில் ஏறிப் பழகிவிட்டால், பிறகு அணுவளவு பட்டாலும் இழுப்பு வரும். வெளிக்காற்றைக் குழாய் வழியே தருகிற முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. போபாலில் 1984இல் கசிந்த விஷவாயு இந்த ஐசோசயனேட்டின் ஒன்றுவிட்ட தம்பி. இது அவ்வளவு எளிதில் ஆவியாகாது, ஆனால் பீய்ச்சும்போது புகையாகத்தான் பறக்கிறது. விலை பேசும்போது சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்கிறோமே, அது பெரும்பாலும் அந்த முகமூடியில்தான் குறைகிறது. இந்த நுரையைப் பொங்கவைக்கச் சேர்த்துவந்த, ஓசோனைத் தின்னும் எச்.சி.எஃப்.சி. 141பி என்ற ஊதுபொருளின் இறக்குமதியை 2020 ஜனவரி 1 முதல் அரசு நிறுத்திவிட்டது. வானத்தின் கூரைக்கு எடுத்த அக்கறையை அந்தப் பையன்களின் நுரையீரலுக்கும் யாராவது எடுத்தால் தேவலை.

இனி கல்லாற்றுக்காரருக்கு நேராக.

ஐயா, உங்கள் ஊரில் சூடு பெரிய எதிரி அல்ல. திருநெல்வேலியில் மே மாதம் வெறுங்காலோடு மாடி ஏறியவன் நுரைக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதி மின்விசிறி, ஏசிச் செலவில் திரும்பக் கிடைக்கும். உங்களுக்கு அந்த லாபம் கம்மி. நீங்கள் வாங்கப்போவது ஒழுகாமையும் வாட்டமும். அதற்கு மட்டும் இந்தச் செலவு தகுமா என்று பாருங்கள். குழாய் வாயில் அடைத்த பலா இலையை எடுத்தாலே பாதி ஒழுகல் நிற்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பொரிந்து விழுகிற தளமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நுரை புண்ணை மூடும், ஆற்றாது.

அடிப்பதென்று முடிவானால் நுரைமேல் அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் பூச்சு கட்டாயம். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பொன்முடிக் குரங்குகள் உங்கள் மாடிக்கு வராமல் இருக்காது. பூச்சை நகத்தால் பிய்த்துப் பார்ப்பது அவற்றின் பொழுதுபோக்கு. மேலே பலாமரக் கிளை நீண்டிருந்தால் வெட்டிவிடுங்கள், ஒரு பழம் விழுந்தால் போதும். மாடியில் அடுப்பு மூட்டிப் பிரியாணி போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். இது எரியும், அதன் புகை பொல்லாதது. மழைக்கு முன்னால் ஒருமுறை, மழைக்குப் பின்னால் ஒருமுறை ஏறிப் பார்த்து, கீறல் கண்ட இடத்தில் சின்னதாகப் பூச்சுப் பூச முடியுமா? மொட்டை மாடி என்றால் உடைந்த நாற்காலியும் பழைய பீங்கானும் வைக்கிற இடம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் நுரையைச் சிபாரிசு செய்வதில்லை. அவர்களுக்கு அந்தத் தகர ஷீட்டே மேல்.

நுரை அடிக்க ஏற்ற காலம் மகரம், கும்பம். துலாமழை ஓய்ந்து தளம் நன்றாக வெயில் குடித்த பிறகு. காய்ந்துவிட்டதா என்று கையால் தடவிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், என் மைத்துனரும் அதைத்தான் செய்தார். ஒரு முழம் அகலத்துக்குக் கண்ணாடித் தாள் போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, மாடியில் மூன்று நான்கு இடங்களில் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, சாயங்காலம் தொடங்கி மறுநாள் காலை வரை விட்டுவையுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், வாசலில் வந்து நிற்கிற வண்டிக்காரருக்கு ஒரு காப்பி கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.